மொட்டைமாடியில் ஆறு மாதம்: ஊசித்துளை டப்பாவில் யானைமலை

ஜூன் 22ஆம் தேதி இரவு, ஆறு மாதங்களாக மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெயிலும் மழையும் பட்டு நின்ற ஓர் அலுமினிய டப்பாவைக் குளியலறைக்குள் எடுத்துச் சென்று, சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அதன் மூடியைக் கீறித் திறந்தேன். உள்ளே வளைந்து ஒட்டியிருந்த ஒளிப்படத் தாளில், எந்த மருந்திலும் நனைக்காமலே, அடர்பழுப்பு நிறக் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு நாள் காலையில் சூரியன் ஏறிய பாதை. நான்கு டப்பாக்களில் ஒன்று முழுமையாகவும் ஒன்று அரைகுறையாகவும் தேறின. அந்த வேலையை எப்படிச் செய்தேன், எங்கெல்லாம் தவறினேன் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

சென்ற அக்டோபரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. 19 நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது இடது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் குழறியது. அதற்கு முன்பு மாதம் ஒருமுறையாவது அழகர்மலைப் பக்கமோ மேகமலைப் பக்கமோ சென்று நிலக்காட்சிகளைப் படமெடுப்பது என் வழக்கம். மருத்துவச் செலவுக்காகக் கேமராவையும் இரண்டு லென்சுகளையும் ரூ. 46,000க்கு விற்றேன். அதைவிடக் கடினமாக இருந்தது, வீட்டைவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் விலக முடியாது என்ற நிலைதான். காலையில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், கைக்கு விரல் விரலாகப் பயிற்சி கொடுப்பதுமாக எல்லா நாட்களும் ஒரே நாளாகத் தெரிந்தன. துணி உலர்த்த மாடிக்குப் போகும் பத்து நிமிடங்களில் மட்டும், கிழக்கே சற்று வடக்கு ஒதுங்கி, படுத்த யானையைப் போல நீண்டு கிடக்கும் யானைமலை கண்ணில் படும். 2010ஆம் ஆண்டு அந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்து, மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டதால்தான் அது இன்றும் முழு யானையாக இருக்கிறது. போக முடியாவிட்டால் இருந்த இடத்திலிருந்தே அதைப் படமெடுப்பது என்று முடிவு செய்தேன்.

கேமரா இல்லாமல் படமெடுக்கும் இந்த வழியை ஏற்கெனவே அறிந்திருந்தேன். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில், ரெஜினா வால்கன்போர்க் என்ற மாணவி 2012ஆம் ஆண்டு ஒரு பீர் டப்பாவில் ஊசித்துளையிட்டு, உள்ளே ஒளிப்படத் தாளை வைத்துக் கட்டிவிட்டு மறந்துபோனார். 2020 செப்டம்பரில் அது கண்டெடுக்கப்பட்டபோது, எட்டு ஆண்டுகளில் சூரியன் வரைந்த 2,953 வளைகோடுகள் அந்தத் தாளில் இருந்தன. கவனிக்க ஆளில்லாமல் நின்ற ஒரு பொருள் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது என்ற அந்தச் செய்தி, அப்போதைய என் மனநிலையில் மிகவும் ஆறுதலாக இருந்தது.

முதலில் தாள். கறுப்பு வெள்ளை ஒளிப்படத் தாள் இப்போது மதுரைக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. இருட்டறையை மூடிவிட்ட ஒரு பழைய ஸ்டுடியோக்காரர், அலமாரியில் கிடந்த 5க்கு 7 அங்குலத் தாள்களில் பாதிப் பெட்டியைப் பணம் வாங்காமல் கொடுத்தார். காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆன தாள் அது. டெவலப் செய்ய வேண்டிய படத்துக்கு உதவாதென்றாலும், மாதக்கணக்கில் வெயில் நேராகச் சுட்டுப் பதிக்கும் இந்த வேலைக்கு அதுவே போதும்.

அடுத்து டப்பா. பழைய இரும்புக் கடையில் ரூ. 20 கொடுத்துப் பன்னிரண்டு குளிர்பான டப்பாக்களைப் பொறுக்கி எடுத்தேன். ஒல்லியான டப்பாக்களைத் தவிர்த்து, 66 மில்லிமீட்டர் விட்டமும் 115 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பருமனானவற்றையே எடுத்தேன். அதன் உள்சுற்றளவு ஏறத்தாழ 207 மில்லிமீட்டர். தாளின் நீளம் 178. ஆகவே, தாளை உள்ளே வளைத்துச் சொருகினால், துளைக்கு இடம் விட்டு இருபுறமும் ஒழுங்காக நிற்கிறது. உயரத்தில் மட்டும் 110 மில்லிமீட்டருக்கு நறுக்க வேண்டும். மேல்தட்டை டின் திறப்பானால் வெட்டி எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, உட்புறத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்பு ஸ்பிரே அடித்தேன். இன்னொரு டப்பாவின் அடிப்பாகத்தில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் ஆறு இடங்களில் கீறிவிட்டால், அதுவே இறுக்கமான மூடியாகிவிடுகிறது.

துளைதான் நுட்பமான வேலை. துளைக்கும் எதிரே உள்ள தாளுக்கும் இடையிலான 66 மில்லிமீட்டர் தொலைவுக்கு 0.35 மில்லிமீட்டர் துளை பொருந்தும். மெல்லிய தையல் ஊசியை அட்டையின்மேல் வைத்த தகட்டில் அழுத்தி, நுனி மட்டும் வெளியே வரும்படி சுழற்றி, பின்புறம் எழும் பிசிறை 1000ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் ஊசியைச் சுழற்ற வேண்டும். முதல் துளையைப் பொறுமையில்லாமல் ஒரே குத்தாகக் குத்தினேன். அதை வீட்டிலிருந்த பழைய ஸ்கேனரில் 2400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) அளவில் வருடிப் பார்த்தபோது 58 புள்ளிகள், அதாவது 0.61 மில்லிமீட்டர் இருந்தது. அதன் விளிம்பும் வட்டமாக இல்லை. ஏழாவது தகட்டில்தான் 33 புள்ளிகள் வந்தன. அது ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். துளையை நேராக டப்பாவில் போடாமல் தனித் தகட்டில் போட்டு, டப்பாவில் 8 மில்லிமீட்டர் ஓட்டை வெட்டி உட்புறமாக ஒட்டினால், பிழையான துளைக்காக ஒரு முழு டப்பாவையும் வீணாக்க வேண்டியதில்லை என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

நவம்பர் 3ஆம் தேதி இரண்டு சோதனை டப்பாக்களைக் கட்டினேன். இரண்டும் வீணாயின, ஆனால் அந்த இழப்பில்லாமல் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது. முதல் டப்பாவை, நான் படித்த செய்முறைகள் அனைத்தும் சொன்னபடி, தெற்கு நோக்கி வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது தாளின் இரு ஓரங்களிலும் சிறு கீற்றுகள் மட்டும் இருந்தன. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. பல மணி நேரம் டப்பாவில் குறை தேடிய பிறகுதான், குறை திசையில் இருப்பது புரிந்தது. அந்தச் செய்முறைகள் ஐரோப்பாவுக்கானவை. அங்கே குளிர்காலச் சூரியன் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக நடக்கிறது. மதுரையிலோ, ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும் நண்பகல் சூரியன் 56 பாகைக்கு மேல் நிற்கிறது. ஏப்ரல் நடுவில் நேரே தலைக்குமேல் வந்துவிடுகிறது. என் டப்பாவின் பார்வையோ மேல்நோக்கி 40 பாகையோடு முடிந்துவிடுகிறது. நம் ஊர் வானத்துக்கு டப்பா கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டும். அப்போது சூரியன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுவதும், உதிக்கும் இடம் நாளுக்கு நாள் நகர்வதும் பதியும். யானைமலை கிழக்கில் இருந்தது எனக்கு வாய்ப்பாகப் போயிற்று.

இரண்டாவது டப்பாவில் மழைநீர் புகுந்து, தாள் ஊறிப் பிசுபிசுத்திருந்தது. வடகிழக்குப் பருவமழை துளைக்கு எதிராகவே சாய்ந்தடித்ததுதான் காரணம். அதன்பின் ஒவ்வொரு துளைக்கும் மேலே, டப்பாத் தகட்டிலேயே நகம் அளவில் ஒரு குடை வெட்டி எம்-சீலால் ஒட்டினேன். உள்ளே வியர்க்கும் நீர் வடிவதற்கு அடித்தட்டில் ஒரு நுண்ணிய துளையிட்டு, அதன்மேல் வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணித் துண்டொன்றை வைத்தேன்.

டிசம்பர் 21ஆம் தேதி, சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்பும் நாளில், நான்கு டப்பாக்களைக் கிழக்கு நோக்கிக் கட்டினேன். இரண்டைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியிலும், ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியிலும், ஒன்றை டிஷ் கம்பத்திலும் கட்டினேன். பிளாஸ்டிக் பட்டைகள் வெயிலில் காய்ந்து நொறுங்கும் என்பதால், கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிக் குறட்டால் முறுக்கினேன். துளையை மூடியிருந்த டேப்பை உரித்தபோது காலை 5.40. பனிமூட்டத்தில் மலை தெரியவில்லை.

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்த வகைப் படத்தில் மிகக் கடினமான பகுதி அதுதான். தினசரி நாட்காட்டியில் தேதி கிழிக்கும் வேலை எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாவுடையது. இப்போது நான் கிழித்தேன். கிழித்த தாளின் பின்புறத்தில் அன்று காலை ஆறரை முதல் ஒன்பது வரை வானம் எப்படி இருந்தது என்பதை ஓரிரு சொற்களில் எழுதி, கீழே அம்மா எத்தனை முறை ரப்பர் பந்தை அழுத்தினார் என்பதையும் குறித்தேன். முதல் மூன்று வாரத் தாள்களில் பந்துக்கு நேரே பூச்சியம்தான் இருக்கிறது. படுத்திருந்தபடியே அம்மா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு ஓரளவு தெளியத் தொடங்கிய தை மாதக் கடைசியில் அவர் முழு வாக்கியமாகக் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "ஏத்தா, இன்னைக்குக் கோடு விழுந்திருக்குமா?" என்பது. பிறகு அது தினமும் காலைக் காப்பியோடு வரும் கேள்வியாயிற்று. மேகமூட்டமான நாளில் இல்லை என்று சொன்னால், "நாளைக்கு விழும்" என்பார்.

இதற்கிடையே இழப்புகளும் நேர்ந்தன. பொங்கலுக்குமுன் வெள்ளையடிக்க வந்தவர்கள், கைப்பிடிச் சுவரில் இருந்த டப்பாவைக் குப்பையென்று நினைத்துக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொன்றிலும் "படம் பதிகிறது, தொட வேண்டாம்" என்று பெயின்டில் எழுதியிருக்கிறேன். மார்ச் இறுதியில் டிஷ் கம்பத்து டப்பாவில், மூடியைச் சுற்றி நான் ஒட்டியிருந்த மின்சாரக் கறுப்பு டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்து, டேப் தானாகவே நழுவியிருந்தது. அந்தத் தாள் பின்னால் முழுக்க ஒரே பழுப்பாகத்தான் வந்தது. அன்று இரவே மற்ற இரண்டு டப்பாக்களுக்கும், அவை இம்மியும் அசையாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏசிக் குழாய்களுக்குச் சுற்றும் அலுமினிய டேப்பைப் பழையதன்மேலேயே ஒட்டினேன். ரூ. 180 விலையுள்ள அந்தச் சுருளை ரூ. 140 மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் தொடக்கத்தில் வாங்காமல் விட்டது பெரிய பிழை. மே மாதம் தொட்டி கழுவியபோது தாங்கி அதிர்ந்ததில் இன்னொரு டப்பா சற்றுத் திரும்பிவிட்டது. அதில் மலைக்கு இரண்டு முதுகுகள் விழுந்திருக்கின்றன.

திறந்த பிறகு செய்ய வேண்டியதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. இந்தத் தாளை, படத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பரில் போடக் கூடாது; படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்சரில் போட்டால் படம் வெளிறிவிடும். நிலைநிறுத்தாத தாள் என்பதால் ஸ்கேனரின் வெளிச்சமே அதைக் கருக்கத் தொடங்கும். அதனால் முன்னோட்டம் பார்க்காமல், அளவையும் நிறத்தையும் முதலிலேயே அமைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறைதான் வருட வேண்டும். நவம்பர்ச் சோதனைத் தாளை இரண்டு முறை வருடிப் பார்த்து, இரண்டாம் முறை அதன் வெளிறிய பகுதிகள் மங்கியதைக் கண்டிருந்ததால் இம்முறை தவறவில்லை. 1200 டி.பி.ஐ., 48 பிட் நிறம், டிஃப் கோப்பு. பிறகு தாளைக் கறுப்பு உறையில் போட்டு மூடிவிட்டேன். கணினியில் கிம்ப் மென்பொருளைத் திறந்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, நிறங்களை நேர்மாறாக்கி, இடவலமாகப் புரட்டியபோதுதான் அது எங்கள் கிழக்கு வானமாக மாறியது.

ஆறு மாதமும் சேர்த்துத் தாளில் 55 மில்லிமீட்டர் அகலம்தான். வலது ஓரத்தில், தெற்கே, டிசம்பர் மாதம் ஒரே தடித்த பட்டையாகக் கிடக்கிறது. அந்த இடத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். சூரியன் திரும்பும் அந்நாட்களில் உதிக்கும் இடம் அநேகமாக நகர்வதே இல்லை. முதல் இருபது நாட்களும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பந்துக்கு நேரே பூச்சியம் எழுதிய நாட்களும் அவையே. பங்குனிக்கு வரும்போது அதே இருபது நாட்கள் 9 மில்லிமீட்டர் விரிந்து, நாளுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்து, உருப்பெருக்கியின் கீழே தனித்தனி நாட்களாகப் பிரியத் தொடங்குகின்றன. கோடுகள் நேராக நிற்காமல், எழும்போதே தெற்குப் பக்கம் சற்றுச் சாய்கின்றன. அடிப்பக்கத்தில் வீடுகளும் ஒரு தென்னையும் நிழலாகத் தெரிகின்றன. என் கண்ணை நிறைத்த யானைமலையின் உயரம் தாளில் நான்கைந்து மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் மே மாத நடுவிலிருந்து சூரியன் அதன் பின்னாலிருந்து எழுந்ததால், ஒவ்வொரு கோடும் மலையின் விளிம்பில் தொடங்குகிறது. யானையின் முதுகை அந்தக் கோடுகளே வரைந்திருக்கின்றன. லென்சை மாற்றி மாற்றி நான் முன்பு எடுத்த யானைமலைப் படங்களில் ஒன்றுகூட எனக்கு இவ்வளவு நெருக்கமானதில்லை.

மொத்தச் செலவு: டப்பா 20, கறுப்பு ஸ்பிரே 190, மின்சார டேப் 40, அலுமினிய டேப் 180, எம்-சீல் 35, கட்டுக்கம்பி 60, உப்புத்தாள் 30, சிவப்பு ஜீரோ வாட் விளக்கு 45, ஊசி 10, ஆக ரூ. 610. இதில் மின்சார டேப்பை இனி வாங்க மாட்டேன்.

அடுத்த முறைக்கு ஒரு முக்கிய மாற்றம் உண்டு. டப்பாவின் நடு உயரத்தில் துளையிட்டதால் வானத்துக்குக் கிடைத்த இடம் குறைவு. சூரியன் ஒன்பது மணியளவிலேயே படத்தைவிட்டு வெளியேறிவிட்டது. ஊசித்துளையில் படம் தலைகீழாக விழுவதால், துளையை மேலே ஏற்றினால் வானம் விழும் கீழ்ப்பகுதி பெரிதாகும். தாளின் அடியிலிருந்து 80 மில்லிமீட்டர் உயரத்தில் துளையிட்டால் 50 பாகை வரை தெரியும். மேலும், அசையக்கூடிய எதன்மீதும் கட்டுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். ஜூன் 23 காலையில் மூன்று புதிய டப்பாக்களைக் கைப்பிடிச் சுவரின் மூலையிலேயே சிமென்ட் வைத்துப் பதித்தேன். இவை டிசம்பர் வரை நிற்கும். கடைசி இரண்டு மாதம் பருவமழை என்பதால் கோடுகளில் நிறைய இடைவெளிகள் இருக்கும்.

இடைவெளிகளைப் படிப்பதற்கு நாட்காட்டித் தாள்கள் மிகவும் உதவின. அச்சிட்ட படத்தை அம்மாவின் கட்டிலில் விரித்து, தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு, இருவரும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். மார்ச் 5, 6 இரண்டு நாளும் மேகம் என்று தாள் சொன்னது. படத்திலும் அங்கே ஒரு தெளிவான வெற்றிடம் இருந்தது. அதிலிருந்து எண்ணினால் மூன்றாவது கோடு மார்ச் 9; தென்கோடிப் பட்டையிலிருந்து 22 மில்லிமீட்டர். அந்தத் தேதித் தாளின் பின்புறத்தில், "வெயில். பந்து 14. தாளை அம்மாவே இடது கையால் கிழித்தார்" என்று எழுதியிருக்கிறேன், தாளும் மேல் ஓரத்தில் கோணலாகக் கிழிந்திருக்கிறது. அம்மா உருப்பெருக்கியை வாங்கி அந்தக் கோட்டைத் தேடினார். கை நடுங்கியதால் முதலில் பக்கத்துக் கோட்டுக்குப் போய்விட்டது. வெற்றிடத்துக்குத் திரும்பி வந்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, மூன்றாவதில் நிறுத்தினார்.